ராஜாஜியும் காமராஜரும்: பள்ளிக்கூடத்தைத் தொட்ட முடிவுகள்

ராஜாஜி வழக்கறிஞர், கவர்னர் ஜெனரலாக இருந்தவர். காமராஜரோ சிறுவயதிலேயே படிப்பை விட்டவர். 1952இல் ராஜாஜி மேலவை நியமன உறுப்பினராகி முதலமைச்சரானார். 1954இல் அந்தப் பொறுப்பை ஏற்ற காமராஜர், குடியாத்தம் இடைத்தேர்தலில் மக்களிடம் போய் நின்றார்.

உணவு தானியக் கட்டுப்பாட்டை நீக்கிய ராஜாஜியின் துணிவை மறுக்க முடியாது. ஆனால் 1953இல் அவர் கொண்டுவந்த கல்வித் திட்டத்தை என்னால் ஏற்கவே முடியவில்லை. கிராமப் பள்ளிகளில் தினமும் மூன்று மணி நேரம்தான் வகுப்பு. மீதி நேரம் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டுமாம். வண்ணார் வீட்டுப் பிள்ளை வெள்ளாவியடியிலேயே நிற்க வேண்டுமா?

காமராஜர் வந்ததும் அதைக் கைவிட்டார். ஊர் ஊராகப் பள்ளிகள் திறந்தார், மதிய உணவும் போட்டார். காங்கிரஸ் சட்டமன்றக் கட்சித் தலைவர் தேர்தலில் தம்மை எதிர்த்த சி. சுப்பிரமணியத்தையும் அமைச்சரவையில் வைத்துக்கொண்டார். 1963இல் கட்சிப் பணிக்காகப் பதவியைத் தாமே துறந்தார்.

1967இல் ராஜாஜியின் சுதந்திராக் கட்சி தி.மு.க.வுடன் கைகோத்தது. காமராஜர் விருதுநகரில் தோற்றார்.