கப்பலில் நோய் வந்தால் "பழைய நோய்" என்ற காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்

கப்பலில் வேலை செய்கிறவர்கள், சேரப் போகிறவர்கள், அவர்கள் வீட்டில் இருப்பவர்கள் எல்லாரும் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு உடம்புக்கு முடியாமல் போனபோது வைத்தியம் பார்க்காமல் இழுத்தடித்தார்கள். பிறகு அந்தச் செலவை என் சம்பளத்திலேயே பிடித்தார்கள். அதோடு விடாமல், நோயை மறைத்துத்தான் கப்பல் ஏறினேன் என்று என்னிடமே எழுதி வாங்கப் பார்த்தார்கள்.

நான் இன்ஜின் ரூம் ஆள். எங்களுடையது சரக்குக் கப்பல், டாக்டர் கிடையாது. அதில் தப்பில்லை. 100 பேரோ அதற்கு மேலோ ஏற்றிக்கொண்டு, வழக்கமாக 3 நாளுக்கு மேல் நாடுவிட்டு நாடு போகும் கப்பலில்தான் டாக்டர் கட்டாயம். மற்றக் கப்பல்களில் மருத்துவப் பயிற்சி எடுத்த ஓர் ஆபீசர் பார்த்துக்கொள்வார். எங்கள் கப்பலில் அது செகண்ட் மேட். மருந்து அலமாரிச் சாவியும் அவரிடம்தான்.

எனக்கு வந்தது பல்வலி. கீழ்க் கடைவாய்ப் பல். முதலில் வலி மாத்திரையும் ஆன்டிபயாட்டிக்கும் கொடுத்தார்கள். வீக்கம் கொஞ்சம் வற்றியதுமே, "ஸ்டாக் கம்மியாக இருக்கிறது, இது போதும்" என்று ஆன்டிபயாட்டிக்கைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள். அப்புறம் வந்த வீக்கம் தாடையைத் தாண்டிக் கழுத்துக்கு இறங்கியது. ஒரு விரல் நுழையும் அளவுக்கு மேல் வாயைத் திறக்க முடியவில்லை. கஞ்சியைக்கூட ஓரமாக ஊற்றித்தான் விழுங்கினேன். எச்சில் இறங்கும்போதெல்லாம் உயிர் போய் உயிர் வந்தது. காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. அந்த நிலையிலும் என்னை வாட்சுக்கு, அதாவது முறைப்பணிக்கு, இறக்கினார்கள்.

ரேடியோவில் டாக்டரைக் கேளுங்கள் என்று கேப்டனிடம் கெஞ்சினேன். "பல்வலிக்கெல்லாம் யார் காசு கொடுப்பது?" என்றார். எனக்கு இன்றும் ஆறாத கோபம் இந்தப் பதிலின் மேல்தான். அந்த ஆலோசனைக்குக் காசே கிடையாது. எம்.எல்.சி. என்று நாம் சொல்லும் 2006-ஆம் ஆண்டுக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, நடுக்கடலில் இருக்கும் கப்பலுக்கு ரேடியோ அல்லது சாட்டிலைட் வழியாக 24 மணி நேரமும் இலவசமாக மருத்துவ ஆலோசனை கிடைக்க வேண்டும் என்கிறது. கப்பல் எந்த நாட்டுக் கொடியில் ஓடினாலும் சரி. ரோமில் 1935-இல் தொடங்கிய சி.ஐ.ஆர்.எம். என்ற ரேடியோ மருத்துவ மையம் செய்வது இந்த வேலையைத்தான். ஒரு போன் போட்டிருந்தால், ஆன்டிபயாட்டிக்கை நிறுத்தாதே என்றாவது யாராவது சொல்லியிருப்பார்கள்.

அடுத்து ஒரு போர்ட் வந்தது. கரைக்கு அனுப்புங்கள் என்றேன். "நேரமில்லை, அடுத்த போர்ட்டில் பார்க்கலாம்" என்றார்கள். போர்ட்டில் கம்பெனிக்காக வேலைகளைப் பார்க்கும் ஏஜென்ட் கப்பலுக்கு வந்துபோனார்; அவரிடமும் என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நடைமுறையில் முடிகிற போர்ட்டில் தாமதமில்லாமல் டாக்டரையோ பல் டாக்டரையோ பார்க்க நமக்கு உரிமை இருக்கிறது. உடன்படிக்கையிலேயே பல் டாக்டர் என்று தனியாகச் சொல்லியிருக்கிறது. கொரோனா காலத்தில் பல போர்ட்டுகள் நோயாளிகளை இறங்கவே விடவில்லை. அதற்கப்புறம் 2022-இல் ஒரு திருத்தம் வந்து, 2024 டிசம்பர் 23 முதல் நடப்பில் இருக்கிறது. அதன்படி, உடனடி சிகிச்சை தேவைப்படும் ஊழியரைக் கரையிறக்கி மருத்துவமனைக்குப் போக வழிசெய்வது போர்ட் இருக்கும் நாட்டின் கடமை.

இரண்டாவது போர்ட்டில் நானே ஏஜென்ட் முன்னால் போய் நின்று முகத்தைக் காட்டினேன். அவர்தான் ஏற்பாடு செய்தார். பல் டாக்டர் பார்த்த உடனே பெரிய மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டார். கீறிச் சீழை எடுத்தார்கள். தொற்று நாக்குக்கு அடிப்பக்கம் பரவிவிட்டது, இன்னும் வீங்கியிருந்தால் மூச்சுக்குழலே அடைத்திருக்கும் என்றார் அறுவை டாக்டர். உங்களில் யாருக்காவது பல்வலியோடு காய்ச்சல் வந்து, வாய் திறக்காமல், விழுங்கவும் முடியாமல், நாக்குக்கு அடியில் வீங்கினால் அது அவசர நிலை. அடுத்த போர்ட் வரை காத்திருக்கிற விஷயம் இல்லை.

ஊருக்கு அனுப்புவதற்கு முன் ஒரு காகிதத்தை நீட்டினார்கள். பல் கோளாறு வேலைக்குச் சேரும் முன்பே இருந்தது, அதை நான் சொல்லவில்லை என்று அச்சடித்திருந்தது. ஏன் இந்த அவசரம் என்று பிறகுதான் புரிந்தது. வேலையில் இருக்கும்போது வரும் நோய்க்குச் செலவு முதலாளியுடையது. வேலை செய்ய முடியாத காலத்துக்குச் சம்பளமும் உண்டு. நாடுகள் இதற்கு வரம்பு வைக்கலாம், ஆனால் 16 வாரத்துக்குக் குறைவாக வைக்க முடியாது. அதிலிருந்து கழன்றுகொள்ள அவர்களுக்கு இருக்கும் சில வழிகளில் ஒன்று, சேரும்போது வேண்டுமென்றே மறைத்த நோய் என்று காட்டுவது. நம் கையெழுத்து விழுந்துவிட்டால் அவர்கள் வேலை சுலபம்.

நான் போடவில்லை. ஆனாலும் கப்பலின் மெடிக்கல் லாக்கில், அதாவது மருத்துவப் பதிவேட்டில், என் பெயரே இல்லை. இரண்டாவது போர்ட்டில்தான் முதல்முறை புகார் செய்தேன் என்று கம்பெனி எழுதியது. என்னைக் காப்பாற்றியது, கேபினில் வைத்துத் தேதி தெரியும்படி எடுத்திருந்த முகப் படங்களும், சேரும் முன் எடுத்த மருத்துவத் தகுதிச் சான்றிதழும்தான். தொழிற்சங்க இன்ஸ்பெக்டர் மூலம் எழுதிய பிறகு மருத்துவமனைச் செலவு திரும்ப வந்தது. இறங்கிய பிறகு வர வேண்டிய சம்பளம் இன்னும் வரவில்லை. அதற்குக் கொடி நாட்டு நிர்வாகத்திடம், அதாவது கப்பல் பதிவாகியிருக்கும் நாட்டின் நிர்வாகத்திடம், புகார் போட்டிருக்கிறேன்.

பயணிக் கப்பலில் சமையலறையிலோ அறை சுத்தம் செய்யும் பிரிவிலோ இருப்பவர்களுக்கும் இதே உரிமைகள் உண்டு. அவர்களும் இந்தச் சட்டப்படி கப்பல் ஊழியர்கள்தான். பயணிகளின் கதை வேறு. கப்பல் கிளினிக்கின் பில் பொதுவாக அவர்கள் தலையில்தான் விழும். காப்பீடு எடுக்கும்போது, கடலிலிருந்து கரைக்குக் கொண்டுபோகும் செலவும் அதில் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

ஊழியர்களுக்கு ஒன்று. வலி ஆரம்பித்த அன்றே கேப்டனுக்குத் தேதி போட்டு எழுதிக் கொடுங்கள், அதைப் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். கரையில் டாக்டர் எழுதித் தரும் படிவத்தின் காப்பியைப் பிறகு கேட்டால், ஆபீசுக்கு அனுப்பியாயிற்று என்பார்கள். டாக்டரின் அறையை விட்டு வருவதற்கு முன்பே ஒவ்வொரு பக்கத்தையும் போனில் எடுத்துக்கொள்ளுங்கள்.