துறைமுகச் சுவருடன் ஒரு கடல்நீர்த் தொட்டி: நுவரெலியாக் கடையொன்றின் தயாரிப்பு

நுவரெலியா நகரில் அலங்கார மீன்கள் விற்கும் கடையொன்று, பாடசாலை ஆய்வுகூடங்களுக்கெனக் கடல்நீர்த் தொட்டி ஒன்றைச் செய்து தருகிறது. வழக்கமான பவளப்பாறை அலங்காரம் இதில் இல்லை. தொட்டியின் பின்புறம் முழுவதும் சீமெந்தில் வார்த்த துறைமுகச் சுவராக அமைந்திருக்கிறது. சுவரின் ஒரு பாதி வழுவழுப்பானது. மறு பாதி மேடுபள்ளங்களும் பொந்துகளும் நிறைந்த தட்டுகளால் ஆனது. எங்கள் பாடசாலையின் உயர்தர உயிரியல் வகுப்புக்காக இதனை வாங்கிப் பயன்படுத்தி வருகிறோம். சுவருக்காக மட்டும் இத்தொட்டியை வாங்கலாம்; அதனோடு சேர்த்து விற்கப்படும் பொருட்களில் பாதியைத் தவிர்க்கலாம் என்பது என் கருத்து.

இவ்வடிவமைப்புக்கு முன்மாதிரி அவுஸ்திரேலியாவின் சிட்னித் துறைமுகம் என்பது பார்த்தவுடனே தெரிகிறது. அத்துறைமுகத்தின் கரையில் பாதிக்கும் மேற்பட்ட பகுதி கட்டப்பட்ட சுவர்களாகிவிட்டதால், இயற்கைப் பாறைக்கரையில் உயிரினங்களுக்குக் கிடைத்த நிழலும் ஈரமும் ஒளிந்துகொள்ளும் இடமும் அங்கே இல்லாமற்போயின. அதனை ஓரளவு ஈடுசெய்வதற்காக, பாறைக் குழிகளையும் கண்டல் வேர்களையும் போல வார்க்கப்பட்ட தட்டுகளைச் சுவர்களிற் பொருத்தும் ‘லிவிங் சீவோல்ஸ்’ (உயிருள்ள கடற்சுவர்கள்) திட்டம் 2018இல் தொடங்கப்பட்டது. 2021இல் அது ஏர்த்ஷொட் என்ற சுற்றுச்சூழல் பரிசின் இறுதிச் சுற்றுவரை சென்றது. நுவரெலியாக் கடைக்காரர் அத்தகைய தட்டுகளைச் சிறிய அளவில் வார்த்திருக்கிறார். விரல் நுழையும் இடுக்கிலிருந்து கைமுட்டி கொள்ளும் குழிவரை பொந்துகள் வெவ்வேறு அளவுகளில் இருப்பது மிகவும் பாராட்டத்தக்கது. ஒரே அளவான பொந்துகள் இருந்தால் ஒரே அளவான உயிரினங்களுக்கே அவை உதவும். இறால்களும் துறவி நண்டுகளும் சிறு மீன்களும் பொந்துள்ள பாதியிலேயே தங்குவதையும், வழுவழுப்பான பாதியை வெறுமனே கடந்து செல்வதையும் மாணவர்கள் தாமே எண்ணிக் குறித்துக்கொள்ள முடிகிறது. பாடநூலின் ஒரு பக்கம் சொல்வதை விட இது தெளிவாகச் சொல்கிறது.

ஆயினும் கடையின் துண்டுப்பிரசுரம் இதனை ‘உயிருள்ள சுவர்’ என்று அழைப்பதை ஏற்பதற்கில்லை. உண்மையான துறைமுகச் சுவரில் சிப்பிகளும் கொட்டலசுகள் என்ற ஓடுள்ள சிற்றுயிர்களும் கடற்பாசிகளும் ஒட்டி வளர்வதற்குக் காரணம், அவற்றின் குடம்பிகள் என்ற இளம்பருவ உயிரிகளையும் வித்திகளையும் கடல்நீர் இடைவிடாது சுமந்து வருவதே. உப்புத்தூளைக் கரைத்து நிரப்பிய தொட்டிக்கு அவை எங்கிருந்து வரும்? எனவே மெல்லிய பச்சைப் படலத்துக்கு மேல் சுவரில் எதுவும் வளரவில்லை. இன்னொரு குறை வற்றுப்பெருக்கு இல்லாதது. நீர் வற்றும்போது ஈரத்தைத் தேக்கிவைப்பதற்காகவும் சிட்னியில் அக்குழிகள் அமைக்கப்பட்டன. அங்கே வற்றுக்கும் பெருக்குக்கும் இடையிலான வேறுபாடு ஏறத்தாழ 2 மீற்றர்வரை போகும். நமது கொழும்பிலும் திருகோணமலையிலும் அது 1 மீற்றருக்கும் குறைவு. எப்போதும் நீருக்குள் மூழ்கியிருக்கும் தொட்டியிலோ அக்குழிகள் வெறும் ஒளிவிடங்களாகவே பயன்படுகின்றன.

சீமெந்து குறித்து வாங்குவோர் கட்டாயம் கேட்டறிய வேண்டும். புதிதாக வார்த்த சீமெந்திலிருந்து சுண்ணாம்பு கசிவதால் அதனைச் சுற்றியுள்ள நீரின் பீ.எச். (அமில, கார அளவு) 12ஐயும் தாண்டிக் கடுங்காரமாகக்கூடும்; கடல்நீரின் பீ.எச். 8ஐ ஒட்டியது. “சேர், தட்டெல்லாம் கிழமைக்கணக்கா தண்ணியில ஊறப்போட்டதுதான்” என்று கடைக்காரர் உறுதியளித்தார். ஆய்வுகூடத்தில் அளந்தபோது பீ.எச். தொடர்ந்து ஏறிக்கொண்டே இருந்ததால், மீன்களை விடுவதைத் தள்ளிவைத்துப் பலமுறை நீர் மாற்ற நேர்ந்தது. ஊறவைத்த நீரை மாற்றாமல் விட்டால் ஊறவைத்தும் பயனில்லை என்பதை அவரிடம் எடுத்துச் சொன்னோம்; அவரும் மறுக்கவில்லை.

மேலதிகக் கட்டணத்தில் கிடைக்கும் சிப்பி ஓட்டுக் கூடையின் எண்ணம் நல்லது, செய்நேர்த்தி போதாது. பிரெஞ்சுத் துறைமுகங்களில் படகுத்துறைகளின் கீழ்ப் பொருத்தப்படும் ‘பயோஹட்’ கூடுகளில் ஒரு பகுதி சிப்பி ஓடுகளால் நிரப்பப்பட்டும், அதற்கு வெளியே உள்ள பகுதி வெறுமையாகவும் இருக்கும். வெளிவலை பெரிய மீன்களைத் தடுத்து, குஞ்சுகளை மட்டும் உள்ளே விடும். நுவரெலியாக் கூடையில் வெறும் பகுதியும் இல்லை, வலைக்கண்ணும் அகலமாக இருப்பதால் வேட்டையாடும் மீனும் உள்ளே போய்விடுகிறது. தொட்டிக்குள் உறைவிடமாக வைப்பதற்கென்று கடையில் விற்கும், டயர் போன்ற சிறிய இறப்பர்ச் சில்லுகளை நான் எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். 1972இல் புளோரிடாவின் ஒஸ்போர்ன் பாறைத்திட்டில் மீன்களுக்குச் செயற்கை உறைவிடமாக ஏறத்தாழ 20 இலட்சம் பழைய டயர்கள் இறக்கப்பட்டு, பின்னர் கட்டறுந்து உருண்டு அருகிலிருந்த பவளங்களையே சிதைத்தன. அதே பொருளைச் செயற்கை உறைவிடம் என்று மாணவர்களுக்குக் காட்டுவது பொருத்தமாகாது. கடையில் கிடைக்கும் பேருந்து பொம்மையை வேண்டுமானால் வைக்கலாம்: 2021இல் நமது வடகடலில் மீன்களுக்கு உறைவிடமாகப் பழைய பேருந்துகள் இறக்கப்பட்டதையும், தமிழக மீனவர்கள் அதனை எதிர்த்ததையும் வகுப்பில் விவாதிக்க அது உதவும்.

மலையகத்துக்கே உரிய சிக்கல்களைக் கடைக்காரர் நன்கு உணர்ந்திருக்கிறார். ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் வளியமுக்கம் கடல்மட்டத்தை விட ஐந்தில் ஒரு பங்கு குறைவாக இருப்பதால், அதே வெப்பநிலையிலுள்ள நீரிற் கரையும் ஒட்சிசனும் அந்த அளவுக்குக் குறையும். இதற்காகவே கூடுதல் வலுவுள்ள காற்றுப் பம்பியை அவர் தருகிறார். நீரை 26 பாகை செல்சியசில் வைத்திருக்க ஹீற்றர் இராப்பகலாக இயங்க வேண்டியிருக்கிறது; குளிர்காலத்தில் மின்கட்டணம் கூடும் என்பதை அதிபரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. மின்வெட்டின்போது பம்பியை இயக்கும் மின்கலமும் தொட்டியோடு வருகிறது. ஆவியாகிக் குறையும் நீருக்குப் பதிலாக உப்பில்லாத நீரையே ஊற்ற வேண்டும் என்ற குறிப்பைத் தமிழிலும் சிங்களத்திலும் தொட்டியின் பக்கத்திலேயே ஒட்டியிருக்கிறார். வாராந்தப் பொறுப்பு மாறும் மாணவர்களுக்கு அது பெரும் உதவி.

வாங்க எண்ணும் பாடசாலைகள், தட்டுகளைக் கழற்றி மாற்றக்கூடிய வகையில் பொருத்தித் தரும்படி கேட்க வேண்டும். எங்களுடையது நிரந்தரமாக ஒட்டப்பட்டிருப்பதால், பொந்துகளின் அளவை மாற்றிச் சோதிக்க வழியில்லை. கொக்கியில் மாட்டும் தட்டுகளைச் சிறிதளவு கூடுதல் விலையில் செய்து தரலாம் என்று கடைக்காரர் இப்போது சொல்கிறார்.