பிஎஃப்சி: இரண்டு வருடம் ஓட்டிப் பார்த்த பிறகு

பிஎஃப்சி (நெரிசலில் குறிப்பிட்ட முன்னுரிமை ட்ராஃபிக்கை மட்டும் நிறுத்திவைக்கும் ஈதர்நெட் வசதி) போட்டால் டிராப், அதாவது பாக்கெட் இழப்பு, நின்றுவிடும் என்று நம்பித்தான் ஆரம்பித்தேன். நின்றது. ஆனால் நெரிசல் எங்கும் போகவில்லை, ஒரு ஸ்விட்ச் தள்ளிப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது.

எங்களுடையது ஆர்டிஎம்ஏ (ஒரு சர்வரின் நினைவகத்திலிருந்து இன்னொன்றுக்கு நேரே தரவு அனுப்பும் முறை) மேல் ஓடும் ஸ்டோரேஜ் கிளஸ்டர், எல்லாம் 100 ஜிகாபிட். கொஞ்சம் பாக்கெட் தொலைந்தாலே வேகம் படுத்துவிடும். பழைய 802.3எக்ஸ் பாஸ் ('கொஞ்சம் நிறுத்து' என்று எதிர்முனைக்குச் சொல்லும் ஃபிரேம்) மொத்த லிங்கையும் நிறுத்திவிடும். பிஎஃப்சி எட்டு முன்னுரிமைகளில் கேட்டதை மட்டும் நிறுத்தும். நாங்கள் 3-ம் எண் முன்னுரிமையை மட்டும் லாஸ்லெஸ் (இழப்பில்லாதது) ஆக்கினோம். எட்டையும் ஆக்கினால் என்ன என்று ஒருவர் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் தனி ஹெட்ரூம் (பாஸ் சொன்ன பிறகும் வந்து சேரும் பாக்கெட்டுக்கான இடம்) ஒதுக்கியே ஸ்விட்சின் பஃபர் தீர்ந்துவிடும்.

முதல் மாதம் ஒரு ஸ்விட்சில் மட்டும் டிராப். பிஎஃப்சி ஆன், பாஸ் கவுண்டர் பூஜ்யம். இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டோம். கடைசியில் பார்த்தால் அங்கே டிஎஸ்சிபி ட்ரஸ்ட் (பாக்கெட்டின் ஐபி தலைப்பில் இருக்கும் முன்னுரிமைக் குறியை நம்பச் சொல்லும் அமைப்பு) போடவில்லை. ஸ்டோரேஜ் ட்ராஃபிக் முழுக்க 0-வது வரிசையில் விழுந்திருக்கிறது. ரூட்டட் லிங்கில் விலான் டேக் இல்லை, அதனால் அந்த டேக்கில் வரும் முன்னுரிமை எண்ணான சிஓஎஸ்ஸை நம்பவும் வழியில்லை.

அடுத்தது ஹெட்ரூம். பாஸ் கேட்ட நொடியிலேயே எதிர்முனை நிற்காது. 100 மீட்டர் ஃபைபரில் சிக்னல் போய்வர சுமார் 1 மைக்ரோவினாடி. 100 ஜிகாபிட்டில் அதற்குள் 12.5 கிலோபைட் வந்து இறங்கும். பாதி அனுப்பிய ஜம்போ (பெரிய அளவு) ஃபிரேம், எதிர்முனை சுதாரிக்கும் நேரம் எல்லாம் இதற்கு மேல். நீளமான கேபிள் போன இரண்டு போர்ட்டில் குட்டைக் கேபிளுக்கான இயல்பு அளவை அப்படியே விட்டிருந்தேன். அந்த இரண்டில் மட்டும் டிராப் விடவேயில்லை.

உண்மையான அடி எட்டாவது மாதம். ஒரு சர்வரின் நெட்வொர்க் கார்டு தொங்கிப்போய் பாஸை விடாமல் அனுப்பியது. ஒரு பாஸின் உச்ச ஆயுள் 65535 குவாண்டா (பாஸ் நேரத்தின் அலகு), 100 ஜிகாபிட்டில் 0.34 மில்லிவினாடிதான். தீரத் தீர அடுத்தது வந்தால்? ஸ்விட்ச் பஃபர் நிரம்பி, அது தன் பின்னாலிருந்த ஸ்விட்சை நிறுத்தி, சம்பந்தமே இல்லாத சர்வர்கள் எல்லாம் ஸ்தம்பித்தன. எங்கும் ஒரு டிராப்கூட இல்லை என்பதுதான் வேடிக்கை. மானிட்டரிங் பச்சையாகவே இருந்தது.

அன்றிரவே வாட்ச்டாக் போட்டோம். வரிசை குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் நகராவிட்டால் அதிலிருக்கும் ஃபிரேம்களைக் கொட்டிவிடும். லாஸ்லெஸ் வகுப்பில் வேண்டுமென்றே இழப்பு! மனசு ஒப்பவில்லை, ஆனாலும் இதை முதல் நாளே போட்டிருக்க வேண்டும்.

கூடவே இசிஎன் (நெரிசலைப் பாக்கெட்டில் குறியிட்டுச் சொல்லும் முறை) வரம்பை பாஸ் வரம்புக்குக் கீழே இறக்கினோம். இப்போது நெரிசல் கண்டதும் பாக்கெட்டில் குறி விழுந்து, அனுப்புபவரே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறார். பாஸ் எப்போதாவதுதான் எட்டிப் பார்க்கிறது. காலையில் முதலில் நான் திறப்பது உள்வரும் பாஸ் கவுண்டரைத்தான். சர்வரை நோக்கிய போர்ட்டில் அது ஏறினால், ஸ்விட்சைத் தொடாமல் நேரே அந்த சர்வரிடம் போகிறேன்.