கடை முட்டையை அடை வைக்கும் முன் இரண்டை உடைத்துப் பாருங்கள்

"சேவலோடு மேய்கிற கோழி முட்டை. தாராளமாக அடை வைக்கலாம், பன்னிரண்டுக்குப் பத்தாவது பொரிக்கும்." கடைக்காரர் இப்படித்தான் அடித்துச் சொன்னார். ஓடு பழுப்பாக இருந்தது, அட்டையில் 'நாட்டு முட்டை' என்று அச்சடித்திருந்தது. நம்பிவிட்டேன்.

ஓட்டின் நிறத்துக்கும் கருவுக்கும் சம்பந்தமே இல்லை. நிறம் கோழியின் இனத்தைப் பொறுத்தது. பண்ணைக் கூண்டில் அடைபட்ட கோழிகளிலும் பழுப்பு முட்டையிடும் இனங்கள் உண்டு; அங்கே சேவலின் வாடைகூட இருக்காது. சேவல் இல்லாமலும் கோழி முட்டையிடும், குஞ்சுதான் வராது. எனக்குத் தெரியாத விஷயமல்ல இது. குஞ்சு ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

இன்குபேட்டரை 37.5 டிகிரியில் வைத்து, நாளுக்கு மூன்று முறை முட்டைகளைத் திருப்பிவிட்டேன். ஏழாம் நாள் இரவு விளக்கை அணைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். கரு வளர்ந்திருந்தால் சிலந்திக்கால் போல ரத்த நரம்புகள் தெரிய வேண்டும். பன்னிரண்டிலும் ஒன்றுமில்லை.

கடைக்குப் போய்ச் சொன்னேன். "உங்க மெஷின்ல கோளாறு சார், 21 நாள் பொறுங்க" என்றார். அங்கேதான் மறுபடி ஏமாந்தேன். முட்டையை விட்டுவிட்டு என்னையே சந்தேகப்பட ஆரம்பித்தேன். வெப்பமானியை மாற்றினேன், தண்ணீர்த் தட்டை நிரப்பினேன். பதினாறாம் நாள் காலையில் ஒரு முட்டை உள்ளேயே வெடித்தது. கூமுட்டை என்று வாயால் திட்டுவது சுலபம். அந்த நாற்றத்தோடு ஒரு வீட்டில் இருந்து பார்க்க வேண்டும்.

அப்புறம்தான் நிதானமாக யோசித்தேன். சூடு முன்னே பின்னே போயிருந்தால் சிலவற்றிலாவது கரு கொஞ்சம் வளர்ந்து செத்திருக்கும், உள்ளே ரத்த வளையம் தெரிந்திருக்கும். ஒன்றில்கூட இல்லை. ஆனால் முதல் ஒன்றிரண்டு நாளிலேயே கரு செத்தாலும் முட்டை இப்படித் தெளிவாகத்தான் தெரியும். எனவே அதே கடையில் அதே அட்டை முட்டை இன்னும் ஆறு வாங்கி, தட்டில் உடைத்தேன். மஞ்சள் கருவின் மேல் ஒரு வெள்ளைப் புள்ளி எல்லா முட்டையிலும் இருக்கும். சேவல் கூடிய முட்டையில் அது கொஞ்சம் பெரிதாக, வட்டத்துக்குள் வட்டமாகத் தெரியும். கூடாததில் ஒழுங்கில்லாத சின்னப் பொட்டு, அவ்வளவுதான். ஆறிலும் பொட்டு.

இதை முதல் நாளே செய்திருந்தால் இரண்டு முட்டையோடு போயிருக்கும்.

வட்டத்துக்குள் வட்டம் தெரிந்தாலும் உடனே வாங்கிவிடாதீர்கள். இட்டு எத்தனை நாளாயிற்று, குளிர்பெட்டியில் இருந்ததா, கழுவினார்களா என்று கேளுங்கள். ஒரு வாரம் தாண்டினாலே பொரிக்கும் திறன் இறங்கத் தொடங்கும்; குளிர்பெட்டியின் குளிரும் கருவுக்கு ஆகாது. கடை முட்டையில் குஞ்சே வராது என்று நான் சாதிக்கவில்லை. சேவலும் கோழியும் சேர்ந்து திரிகிற இடத்து முட்டை புதிதாகக் கிடைத்தால் வரலாம். கடையில் வாங்கிய காடை முட்டை பொரித்ததும் உண்டு.

உடைத்த முட்டைகளைப் படமெடுத்துக் கடைக்காரரிடம் காட்டினேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "சாப்பிடத்தானே சார் முட்டை விக்கிறோம்" என்றார்.