60 மாஸ்ஃபெட்டில் 23 காலி: தெர்மாகோலில் குத்தி அனுப்பும் கடையிடம் ஏமாறாதீர்கள்

பார்சல் வந்து மூன்று நாள். கடையின் கடைசிப் பதில் இப்போதுதான் வந்தது, அந்தக் கடுப்போடே எழுதுகிறேன். எலக்ட்ரானிக் உதிரிபாகம் விற்கும் ஆன்லைன் கடை. மாஸ்ஃபெட் என்பது மூன்று கால் ட்ரான்சிஸ்டர்; ஸ்டாடிக், அதாவது உரசலில் சேரும் சார்ஜ், பட்டால் போய்விடும். ஆர்டர் போடும் முன் கேட்டது ஒன்றே ஒன்று: மாஸ்ஃபெட்டை எதில் வைத்து அனுப்புவீர்கள்? ஒரே நிமிடத்தில் படம் வந்தது. கறுப்பு ஃபோம், மேலே வெளிச் சார்ஜைத் தடுக்கும் வெள்ளிச் சாம்பல் நிற ஷீல்டிங் கவர். அந்தப் படத்தை நம்பித்தான் 60 வாங்கினேன்.

வந்ததோ வெள்ளைத் தெர்மாகோல்! அதில் கால்களை வரிசையாகக் குத்தி, ஒரு ரோஸ் கவரில் போட்டிருந்தார்கள். கறுப்பு ஃபோம் மின்சாரம் கடத்தும்; மூன்று கால்களும் ஒரே மின்னழுத்தத்தில் இருக்கும். தெர்மாகோல் நேர் எதிர். வழியெல்லாம் உரசி உரசி சார்ஜ் ஏறும், எர்த் கொடுத்தாலும் இறங்காது. ரோஸ் கவர் தான் உரசும்போது சார்ஜ் சேராமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். வெளியிலிருந்து வருவதைத் தடுக்காது.

மூன்று கால்களின் பெயர் கேட் (gate), ட்ரெய்ன், சோர்ஸ். சால்டர் பண்ணுமுன் மீட்டரில் கேட்டுக்கும் சோர்ஸுக்கும் நடுவே பார்த்தேன். நல்ல பீஸில் ஓப்பன், அதாவது இணைப்பே இல்லை என்று காட்ட வேண்டும். 23 பீஸில் சில நூறு ஓம், அதாவது காலி.

முதல் பதில்: "சால்டரிங் சூடு அதிகம்." சால்டரே பண்ணவில்லை ஐயா! அடுத்தது: "வெறும் கையால் தொட்டிருப்பீர்கள்." மூன்றாவதுதான் உச்சம்: "ஷாக் அடித்ததா? இல்லையே, அப்புறம் ஏது ஸ்டாடிக்?" நம் கைக்குத் தெரியவே சுமார் 3000 வோல்ட் வேண்டும். இந்த கேட்டின் உச்ச வரம்பு 20 வோல்ட். உதிரிபாகம் விற்கிறவருக்கு இது தெரியாதாம். புகாரை 'தீர்ந்தது' என்று மூடியும்விட்டார்கள். 23 பீஸ், தீர்ந்தது.

மிச்சம் 37-ஐயும் நம்ப முடியவில்லை. கேட்டைப் பிரித்து வைக்கும் மெல்லிய ஆக்சைடு படலம் பாதி அடிபட்டிருந்தால் இன்று ஓடும், என்றோ ஒருநாள் போர்டில் போகும்.

அவசரமாகச் சில: தெர்மாகோலில் வந்தால் பிடுங்காதீர்கள், அப்படியே படம் எடுத்துத் திருப்பி அனுப்புங்கள். ட்ரெய்ன்-சோர்ஸ் பார்க்கும் முன் கேட்டையும் சோர்ஸையும் ஷார்ட் பண்ணுங்கள். இல்லாவிட்டால் மீட்டர் ஏற்றிய சார்ஜே நல்ல பீஸையும் ஷார்ட் என்று காட்டும். உடம்பின் சார்ஜை எர்த்துக்கு இறக்கும் மணிக்கட்டுப் பட்டையான ரிஸ்ட் ஸ்ட்ராப்பில், தோலில் படும் தகட்டிலிருந்து எர்த் கிளிப் வரை சுமார் 1 மெகா ஓம் இருக்கிறதா பாருங்கள். இந்தக் கடை இலவசமாக வைத்த ஸ்ட்ராப்பில் வயரே கிடையாது. அது குப்பைக்கு.