பிக்கப் இன்ஜினுக்கு எந்த ஸ்பார்க் பிளக்: நிக்கலா, பிளாட்டினமா, இரிடியமா?

பெட்டியில் 'காப்பர்' என்று போட்டிருந்தாலும் பொறி பறக்கும் முனை செம்பு அல்ல, நிக்கல் கலவை. செம்பு உள்ளே வெப்பத்தைக் கடத்தும் தண்டு மட்டுமே. விலை கூடிய பிளக்குகளிலும் அது பெரும்பாலும் உண்டு. ஆகவே ஒப்பிட வேண்டியது முனையைத்தான்.

நிக்கல் முனை சுமார் 2.5 மி.மீ. தடிமன். மலிவானது, பொறியிலும் குறையில்லை. ஆனால் 30,000 முதல் 50,000 கி.மீ.க்குள் தேய்ந்துவிடும். தேயத் தேய, நடுமுனைக்கும் வளைந்த முனைக்கும் உள்ள இடைவெளி அகலும். பொறி அதைத் தாண்டக் காயில் (பிளக்குக்கு உயர் வோல்டேஜ் தரும் சுருள்) கூடுதல் வோல்டேஜ் கொடுத்தாக வேண்டும். பாரத்தோடு மேடு ஏறும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் உச்சத்தில் இருப்பதால் மிஸ்ஃபயர், அதாவது எரிபொருள் பற்றாமல் போவது, முதலில் அங்கேதான் தலைகாட்டும். 0.4 முதல் 0.7 மி.மீ. வரையுள்ள இரிடியம் முனைக்குக் குறைந்த வோல்டேஜே போதும், 1,00,000 கி.மீ. தாண்டியும் ஓடும். குதிரைத்திறன் கூடும் என்று மட்டும் நம்பி வாங்காதீர்கள். நல்ல நிலையிலுள்ள நிக்கலை எடுத்துவிட்டு இரிடியம் போட்டால் இழுவையில் வித்தியாசம் தெரியாது.

பிளாட்டினத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. ஒரே காயில் இரண்டு சிலிண்டர்களுக்குப் பொறி தரும் பழைய இன்ஜின்களில், ஜோடியில் ஒரு பிளக்கில் பொறி தலைகீழாகப் பாயும். நடுமுனையில் மட்டும் பிளாட்டினம் இருந்தால் அந்தப் பிளக்கின் வளைந்த முனை வேகமாக அரிக்கும். அங்கே இரு முனையிலும் பிளாட்டினம் உள்ள இரட்டைப் பிளாட்டினம்தான் சரி. சிலிண்டருக்கு ஒரு காயில் உள்ள வண்டிக்கு இந்தக் கவலை இல்லை.

கம்பெனி பிளக்கைவிட மாற்றுப் பிளக் மேலாக அமைந்ததும் உண்டு. ஃபோர்டு எஃப்-150-இல் 2004 முதல் 2008 வரை வந்த 5.4 லிட்டர், மூன்று வால்வு ட்ரைட்டன் இன்ஜினின் பிளக் இரண்டு துண்டுகளைச் சேர்த்துச் செய்தது. நீண்ட அடிப்பகுதியில் கரி இறுகிவிடுவதால், கழற்றும்போது அது உடைந்து ஹெட்டுக்குள்ளேயே (சிலிண்டர்களின் மேல்மூடி) தங்கிவிடும். அதற்கு ஒரே துண்டாகச் செய்த மாற்றுப் பிளக்கை வாங்குவதே புத்திசாலித்தனம்.

உலோகத்தைவிட ஹீட் ரேஞ்ச், அதாவது பிளக் வெப்பத்தை எவ்வளவு வேகமாக வெளியே கடத்துகிறது என்பது, முக்கியம். முனை ஏறத்தாழ 450 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால் கரி எரியாமல் படியும். 850-ஐத் தாண்டினால் பொறிக்கு முன்பே கலவை தீப்பற்றி பிஸ்டனைப் பதம் பார்க்கும். என்ஜிகே, டென்சோ பிளக்குகளில் எண் கூடினால் குளிர்ந்தது, அதாவது வெப்பத்தை வேகமாகக் கடத்துவது. பாஷ், சாம்பியனில் எண் கூடினால் சூடானது. பிராண்டு மாற்றும்போது எண்ணைப் பார்த்து ஊகிக்காமல் அந்தந்தக் கம்பெனியின் பொருத்த அட்டவணையைப் பாருங்கள். மரை நீளமும் அதே அளவாக இருக்க வேண்டும்; நீண்டால் பிஸ்டனில் இடிக்கும்.

இடைவெளியைக் கம்பி கேஜால் அளங்கள். நாணயம் போன்ற சரிவு கேஜை நுழைத்து நெம்பினால் இரிடியம் முனை ஒடிந்துவிடும்.

இன்ஜின் ஆறிய பிறகு, குழியைக் காற்றால் ஊதிவிட்டுக் கழற்றுங்கள். அலுமினிய ஹெட்டில் வாஷர் உள்ள 14 மி.மீ. பிளக்குக்கு 25 முதல் 30 நியூட்டன் மீட்டர் விசையில் இறுக்குங்கள். வாஷர் இல்லாமல் கூம்பு வடிவ இருக்கை உள்ளதற்கு 10 முதல் 20. டார்க் ரெஞ்ச் (இறுக்கும் விசையைக் காட்டும் ஸ்பேனர்) இல்லையென்றால் கையால் இறுகும்வரை திருகி, புது வாஷருக்கு மேலும் அரை முதல் மூன்றில் இரண்டு சுற்றுக்குள், கூம்புக்குப் பதினாறில் ஒரு சுற்று. முலாம் பூசிய மரையில் ஆன்டி-சீஸ் (மரை பிடித்துக்கொள்ளாமல் தடுக்கும் பசை) தடவினால் அதே விசையில் அதிகமாக இறுகி மரை கெடும்.