விந்துல ரத்தம்னு பயந்து போனவரிடம் 18,500 ரூபாய் பிடுங்கிட்டாங்க – எச்சரிக்கைப் பதிவு

கோவத்துலதான் எழுதறேன், வார்த்தை தடிச்சிருந்தா பொறுத்துக்கங்க. 18,500 ரூபாய். பனியன் கம்பெனியில ஓவர்லாக் அடிக்கற என் தங்கச்சி மாப்பிள்ளைகிட்ட இருந்து பிடுங்கியிருக்காங்க. பேர் போடாம எழுதுங்கன்னு அவரே சொன்னதாலதான் இந்தப் பதிவு. பிடுங்கின இடத்தோட பேரும் போடல, போட்டாலும் பிரயோஜனமில்ல, போர்டை மாத்திட்டு அடுத்த ஊர்ல உக்காந்துக்குவாங்க. அடையாளம் மட்டும் சொல்றேன். பஸ் ஸ்டாண்டை ஒட்டின லாட்ஜ் மாடியில ஒரு ரூம். கட்டணக் கழிப்பறைச் சுவத்துல நோட்டீஸ். ஞாயித்துக்கிழமை மட்டும் 'டாக்டர் வருகை'. ஏன் ஞாயிறு? சனிக்கிழமை சாயங்காலம் திருப்பூர்ல வாரச் சம்பளம். கணக்கு சரியா இருக்குதுங்களா?

நான் லேப்ல வேலை செய்யறவன், இந்த விஷயம் தொழில்ரீதியா தெரியும். யாருக்கு என்ன டெஸ்ட், எப்பப் போகணும்னு கடைசியில வரிசையா எழுதறேன். முதல்ல நடந்ததைக் கேளுங்க.

மாப்பிள்ளைக்கு 34 வயசு. விந்து துருப்பிடிச்ச கலர்ல வந்திருக்கு. வலி இல்ல. ஒண்ணுக்குப் போறப்ப லேசா எரிச்சல், அதைச் சூடுன்னு நினைச்சு இளநீர் குடிச்சிட்டு இருந்திருக்கார். தங்கச்சிகிட்டக்கூட வாய் திறக்கல. நேரா நோட்டீஸ்ல இருந்த நம்பருக்குத்தான் போன்.

அங்க ரத்த அழுத்தம் பார்க்கல. மூத்திரம் கேக்கல. என்ன மாத்திரை சாப்பிடறீங்கன்னு விசாரிக்கல. கையைப் பிடிச்சுக்கிட்டு ஒரே கேள்வி: "சின்ன வயசுல கைப்பழக்கம் இருந்துச்சா கண்ணு?" இதுக்கு இல்லைன்னு சொல்ற ஆம்பளை எத்தனை பேருங்க? ஆமாங்கன்னிருக்கார். "அதான், நரம்பு தளர்ந்து ரத்தம் கசியுது. இன்னும் ஆறு மாசம் விட்டிருந்தா கிட்னிக்கு ஏறியிருக்கும். நல்ல நேரத்துல வந்தீங்க. வீட்ல யாருக்கும் சொல்ல வேண்டாம், எங்கிட்டச் சொல்லிட்டீங்கல்ல, இனி விடுங்க." அந்தக் கடைசி வார்த்தையிலதான் மனுசன் விழுந்திருக்கார். "பாதி நோய் அப்பவே போன மாதிரி இருந்துச்சுங்க மச்சான்"னு எங்கிட்டச் சொல்றப்பக்கூட அவர் குரல்ல அந்த நிம்மதி இருந்துச்சு. லேகியம், பொடி, தைலம்னு 6,500 வாங்கியிருக்காங்க.

நரம்புல இருந்து ரத்தம் கசியறதாம்! விந்துல முக்கால்வாசிக்குக் கொஞ்சம் குறைவா, மூத்திரப் பைக்குப் பின்னாடி இருக்கற விந்துப் பையில இருந்து வருது, மிச்சத்துல பெரும்பகுதி மூத்திரப் பைக்குக் கீழ இருக்கற புராஸ்டேட் சுரப்பியில இருந்து. விரையில இருந்து வர்றது சில சதவீதம்தான். இந்தப் பையிலயோ சுரப்பியிலயோ குழாயிலயோ வீக்கம், கிருமித்தொற்று, சின்னக் கல், நீர்க்கட்டி ஏதாவது இருந்தா, மெல்லிசான ரத்தக் குழாய் உடைஞ்சு ரத்தம் கலக்கும். மொத்தமே ஒண்ணரை முதல் அஞ்சு மில்லி திரவம், அதுல சில சொட்டு ரத்தம் விழுந்தாலே முழுசும் செவந்துரும். புது ரத்தம்னா சிவப்பு, பையில தேங்கிக் கிடந்த பழசுன்னா பழுப்பு. கைப்பழக்கத்தால நரம்பு அறுந்துச்சுங்கறது சுத்தப் புளுகு.

இப்ப ஏமாத்தற சூட்சுமத்துக்கு வர்றேன். 40 வயசுக்குக் கீழ இருக்கறவங்களுக்கு இது பெரும்பாலும் தானா நின்னுரும். சில நாள், சில வாரம், அவ்வளவுதான். லேகியம் தின்னாலும் நிக்கும், தின்னாட்டியும் நிக்கும். நின்னதும் பேரு லேகியத்துக்கு. இந்தத் திருடனுகளுக்கு இதை விடத் தோதான நோய் வேற இல்ல. மாப்பிள்ளைக்கும் நின்னுச்சு, கும்பிட்டிருக்கார். ஆனா எரிச்சல் நிக்கல. அதுதான் உள்ள கிருமி இருக்குன்னு சொல்ற அடையாளம், அதை அங்க யாரும் கேக்கவே இல்ல. மறுபடி ரத்தம் வந்ததும் "முதல் கோர்ஸ்ல வேர் அசைஞ்சிருக்கு, ரெண்டாவதுல பிடுங்கிரலாம்"னு 12,000. கம்பெனியில அட்வான்ஸ் வாங்கிக் கொடுத்திருக்கார். ஆக 18,500.

அப்புறம் குளிர் காய்ச்சல், அடிவயித்துல வலி, ஒண்ணுக்கு முக்கி முக்கிப் போற நிலைமை. போன் பண்ணினா "கழிவு வெளியேறுதுங்க, நல்ல அறிகுறி". அடுத்த தடவை "டாக்டர் கேம்ப்ல இருக்கார்". அதுக்கடுத்து "பத்தியம் இருந்தீங்களா? கறி சாப்பிட்டீங்களா?" ஞாயித்துக்கிழமை பழனி ரோட்டுக் கடையில ஒரு தட்டு பிரியாணி சாப்பிட்டாராம், அதைப் பிடிச்சுக்கிட்டு "பத்தியம் உடைச்சா நாங்க பொறுப்பில்ல"ன்னுட்டாங்க. 18,500 ரூபாய்க்கு அவங்க சொன்ன பதில், ஒரு தட்டு பிரியாணி. நேர்ல போனா மேஜையில இருந்த பொம்பளைப் புள்ளை ரசீதைக் காட்டுச்சு: 'மூலிகைப் பொருட்கள், விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது'. நோய் பேரு இல்ல, வைத்தியர் பேரு இல்ல, பதிவு எண் இல்ல. டப்பாவைப் பார்த்தேன், தயாரிப்பு உரிம எண், பேட்ச் எண், தேதி எதுவுமே இல்ல. சட்டப்படி சித்த மருந்து டப்பாவுலயும் இது மூணும் இருக்கணும். பி.எஸ்.எம்.எஸ். படிச்சுப் பதிவு பண்ணின சித்த மருத்துவர்களை நான் குறை சொல்லல, அவங்க பேரைத்தான் இவனுக கெடுக்கறானுக.

அரசு ஆஸ்பத்திரியில ஓ.பி. சீட்டு போட்டுப் பார்த்தப்ப முதல் மூத்திர டெஸ்ட்லயே சீழ் செல்கள். கல்ச்சர்ல, அதாவது மூத்திரத்துல இருக்கற கிருமியை வளர்த்துப் பார்க்கற டெஸ்ட்ல, கிருமி வளர்ந்துச்சு. புராஸ்டேட் தொற்று. சரியான ஆன்டிபயாடிக். இதுக்கு ரெண்டு வாரத்துல இருந்து நாலு வாரம் வரைக்கும் முழுசா சாப்பிடணும், மெடிக்கல்ல கேட்டு ரெண்டு நாளைக்கு வாங்கி எரிச்சல் நின்னதும் விட்டா திரும்பி வரும்.

கல்ச்சர் பத்தி ஒண்ணு, ஏன்னா தினமும் இதைத் தப்பாத்தான் கொண்டு வர்றாங்க. ஆன்டிபயாடிக் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி மூத்திரம் கொடுக்கணும். முதல்ல வர்றதை விட்டுட்டு நடுவுல வர்றதை, லேப்ல தர்ற ஸ்டெரைல் டப்பாவுல, உள்பக்கம் கை படாமப் பிடிங்க. ரெண்டு மணி நேரத்துக்குள்ள கொண்டாந்து சேர்க்கணும், இல்லாட்டி ஃபிரிட்ஜ்ல வைக்கணும். வண்டி பெட்டியில வெயில்ல வச்சுக் கொண்டாந்தா கண்டதும் வளரும், ரிப்போர்ட் குப்பை. சீழ் செல் நிறைய இருந்தும் கல்ச்சர்ல ஒண்ணும் வளரலைன்னா, காசநோய் இருக்கான்னு டாக்டர்கிட்டக் கேளுங்க, நம்ம நாட்டுல அதை மறக்கக் கூடாது.

வரிசையா எழுதறேன்னு சொன்னேன், பொறுமை இல்ல. முக்கியமானதை மட்டும் கொட்டிடறேன்.

ரத்தம் உங்களுதுதானான்னு முதல்ல பாருங்க. ஆணுறை போட்டு, கழட்டி வெளிச்சத்துல பார்த்தா தெரிஞ்சிரும். வீட்டம்மாவுக்கு உறவுக்கு அப்புறம் ரத்தம் வருதுன்னா மகப்பேறு டாக்டர்கிட்டக் கர்ப்பப்பை வாய் டெஸ்ட், தள்ளிப் போட வேண்டாம்.

40க்குக் கீழ, ஒரு தடவை வந்துச்சு, வேற தொந்தரவு இல்லைன்னா மூத்திர டெஸ்டும் ரத்த அழுத்தமும் பார்த்துட்டு அமைதியா இருங்க. மூணு நாலு வாரம் தாண்டியும் வந்தாலோ, 40 தாண்டியிருந்தாலோ, அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ புராஸ்டேட் புற்றுநோய் இருந்திருந்தாலோ, யூராலஜி டாக்டர். பி.எஸ்.ஏ.ன்னு புராஸ்டேட்டுக்கான ரத்த டெஸ்ட் எழுதினா ரெண்டு நாள் முன்னாடியிருந்து உறவு வேண்டாம். தொற்று இருக்கறப்ப எடுத்தா பொய்யா ஏறிக் காட்டும், தொற்று சரியாகி ஆறு வாரம் கழிச்சு எடுக்கறதுதான் சரி.

காய்ச்சல் குளிரோட வந்தா, ஒண்ணுக்குப் போக முடியலைன்னா, மூத்திரத்துல ரத்தக் கட்டி வந்தா அன்னைக்கே ஓடுங்க. விரை திடீர்னு வலிச்சு வீங்கினா அரைமணி நேரம்கூட யோசிக்காதீங்க, முறுக்கிக்கிட்டதா இருந்தா ஆறு மணி நேரத்துக்குள்ள பிரிக்கணும்.

புராஸ்டேட்ல பயாப்சி எடுத்தவங்களுக்குச் சில வாரம் துருக் கலர் வரும், அது எதிர்பார்த்ததுதான். ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், வார்ஃபரின்னு ரத்தம் உறையாம இருக்கத் தர்ற மாத்திரை சாப்பிடறவங்க டாக்டர்கிட்ட அதைச் சொல்லுங்க, நீங்களா நிறுத்திடாதீங்க. புது ஆளோட ஆணுறை இல்லாம உறவு இருந்திருந்தா அதையும் மறைக்காதீங்க. ஹெச்.ஐ.வி. டெஸ்ட் அரசு ஆஸ்பத்திரி நம்பிக்கை மையத்துல இலவசம், ரகசியமாவும் வச்சுக்குவாங்க.

லாட்ஜ் லேகியத்துல சில்டெனாஃபில், அதாவது வயாக்ரா மாத்திரையில இருக்கற மருந்து, கலக்கறதும் உண்டு. நெஞ்சு வலிக்கு நாக்குக்கு அடியில வைக்கிற மாத்திரை சாப்பிடறவர் அதைத் தின்னா ரத்த அழுத்தம் சரிஞ்சு உயிருக்கே ஆபத்து.

'ஆண்மை பெருக்கறோம்'னு மருந்து விளம்பரம் பண்றது 1954ஆம் வருசச் சட்டப்படியே குற்றம். நோட்டீஸைப் போட்டோ எடுங்க. ரசீது, டப்பா, ஜி-பே ஸ்கிரீன்ஷாட் எதையும் அழிக்காதீங்க. நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல 5 லட்சம் வரைக்கும் மனுக் கட்டணம் இல்ல, ரெண்டு வருசத்துக்குள்ள போடணும். எங்க 18,500க்கு மனு தயாராயிட்டு இருக்கு. அதே லாட்ஜ்ல ஏமாந்தவங்க யாராவது இருந்தா இன்பாக்ஸ்ல வாங்க, பேரை வெளிய விடமாட்டேன்.